ஹார்லன் வீர்ஸ்மாவும் கடைசிப் பெட்டி பிங்க் வில்லைகளும்

ஹார்லன் வீர்ஸ்மா "வேண்டாம்" என்று சொன்னது மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வொர்க்கம் ஊரின் ஒரே மளிகைக்கடையில், கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு. எழுபத்தெட்டு வயதுக்குள் அந்த வார்த்தையை அவர் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அது அவரை இப்படிக் குப்புறத் தள்ளியதில்லை.

கல்லாவில் இருந்தவள் மாரிசேலா. அவர் வைத்த ரொட்டியையும் பாலையும் ஒரு பாக்கெட் பிங்க் வில்லையையும் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "மிஸ்டர் வீர்ஸ்மா, இந்த மிட்டாய் இனிமே வராதாம். லாங்வெல் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்க. பின்னாடி கடைசியா ஒரு பெட்டி கிடக்கு, இருபத்திநாலு பாக்கெட். இப்பல்லாம் இதை வாங்குறதே நீங்க ஒருத்தர்தான். மொத்தமா உங்களுக்கு எடுத்து வெச்சிடட்டுமா?"

நெஞ்சு ஒரு முறை எகிறி விழுந்தது. வாயோ தன் பாட்டில் பேசியது.

"ஐயையோ, வேண்டாம்மா. வேற யாருக்காவது தேவைப்படும். எனக்கு ஒரு பாக்கெட் தாராளம்."

"சரிங்க" என்றாள் மாரிசேலா. அடுத்த ஆளின் தக்காளியை நிறுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஹார்லன் நகரவில்லை. சில்லறையைப் பர்சில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பையிலிருந்த ரொட்டியைப் பாலுக்கு மேலே மாற்றி வைத்தார். அவள் இப்போது "அட, சும்மா எடுத்துக்கங்க" என்று சொல்ல வேண்டும். அவர், "எதுக்கும்மா சிரமம்" என்பார். "எங்க கடையில கிடந்து என்ன ஆகப்போகுது" என்று அவள் மூன்றாவது தடவை சொன்னதும், "சரி, வீணாப் போகுதேன்னு வாங்கிக்கறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். வொர்க்கமில் காபி கொடுப்பதும் அப்படித்தான், டிராக்டர் இரவல் கொடுப்பதும் அப்படித்தான், பெண் கேட்பதும் ஏறக்குறைய அப்படித்தான். முதல் தடவையே சரி என்பவனைப் பேராசைக்காரன் என்று ஊர் பேசும்.

மாரிசேலா டெக்ஸஸிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நல்ல பெண். மனிதர் வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நம்பும் பெண்.

வண்டிக்குள் போய் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் கால்மணி நேரம் இருந்தார். திரும்பிப் போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? இப்போதுதானே பெருந்தன்மையாக மறுத்தோம்? வியாழக்கிழமை பால் வாங்குகிற சாக்கில் போனால் பேச்சு தானாக வரும் என்று தீர்மானித்து வண்டியைக் கிளப்பினார்.

வியாழக்கிழமை பெட்டி இல்லை.

"நேத்து ட்ரூடி போஸ் வந்து அத்தனையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. மக கல்யாணத்துக்காம்" என்றாள் மாரிசேலா. அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது. "நீங்கதான் வேண்டாம்னீங்களே? உங்களுக்கு வேணுமா இருந்துச்சா?"

"சே, சே. அதெல்லாம் இல்லம்மா. மிட்டாய்தானே" என்றார் ஹார்லன்.

மிட்டாய்தான். அரை டாலர் காசளவு வட்டமாய், தடிமனாய், சுண்ணாம்புக்கட்டி போல வாயில் மாவாகிக் கரைவது. சுளுக்குக்குத் தேய்க்கிற தைலத்தின் வாசனை அடிக்கும். அதே தைலத்துக்கு நிகரான காரம், அதன்மேல் சர்க்கரை. வொர்க்கமில் பிறந்தவர்களுக்கு அது தேவாலயத்துப் பண்டம். போதகர் வேத வசனத்தைப் படித்து முடித்துப் பிரசங்கத்துக்குத் தொண்டையைச் செருமும்போது, வரிசை வரிசையாகக் கைப்பைகள் திறக்கும் சத்தம் கேட்கும். பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று பாகம். பாகத்துக்கு ஒரு மிட்டாய் என்று அம்மாக்கள் பெஞ்சு நெடுகக் கை மாற்றி விடுவார்கள். அதில் வெள்ளை மிட்டாய்க் குடும்பம், பிங்க் மிட்டாய்க் குடும்பம் என்று இரண்டு கட்சி. வெள்ளை என்பது சாதாரண புதினா. பிங்க்காரர்களை வெள்ளைக் கட்சியினர் ரசனையில்லாத ஜனம் என்பார்கள். வெள்ளைக் கட்சிக்குப் பிரசங்கத்தைத் தாங்கும் திராணி கிடையாது என்பது பிங்க்காரர்களின் எண்ணம்.

ஹார்லன் பிங்க் வீட்டில் பிறந்தவர். அலைடா வெள்ளை வீட்டுப் பெண். நிச்சயம் ஆன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வீர்ஸ்மாக்களின் பெஞ்சில் அவளை உட்காரவைத்தார்கள். ஹார்லனின் அம்மா ஒரு பிங்க் வில்லையை அவள் பக்கம் தள்ளினார். மறுக்கவா முடியும்? வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொள்ள, மூன்றாம் பாகம் முடியும்வரை அசையாமல் இருந்தாள். வெளியே வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"உங்க வீட்டுல மாட்டு மடிக்குத் தடவுற களிம்பையா திங்கறீங்க?"

அந்த நிமிஷத்தில்தான் தனக்கு இவள்மேல் பைத்தியம் பிடித்தது என்று ஹார்லன் பிற்பாடு சொல்வதுண்டு. ஐம்பத்திரண்டு வருடம் அவளே கடையில் வாங்கி, தன் கைப்பையில் வைத்து, ஞாயிறுதோறும் அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். ஒன்றைக்கூடத் தன் வாயில் போட்டதில்லை.

பன்றி விலை அதலபாதாளத்துக்குப் போன வருடம் அவர்கள் பண்ணையை விற்றார்கள். ஹார்லன் தேவாலயத்தில் பெருக்கித் துடைத்துப் பராமரிக்கும் வேலைக்குப் போனார், இன்றும் போகிறார். அலைடா பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். அந்த வாய்ப்பாடு அவள் தலையிலிருந்து கழன்று போன பிறகு, வீட்டுக்கு வழி கழன்று போனது. பிறகு ஹார்லனின் பெயர். இப்போது மூன்று வருடமாக ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில், சோளக்காட்டைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் இருக்கிறாள்.

போன இலையுதிர்காலத்தில் அவள் வாயைத் திறப்பதை நிறுத்தினாள். பிடிவாதம் என்று சொல்ல முடியாது. கரண்டி என்றால் என்ன, எதற்கு அது முகத்தை நோக்கி வருகிறது என்பது மறந்து போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எட்டு கிலோ குறைந்த பிறகு ஒரு நாள் மதியம், ஹார்லன் அலுத்துப்போய்ச் சட்டைப்பையிலிருந்து மிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தார். தாளைக் கிழித்ததும் அந்தத் தைல வாசனை எழுந்தது. அலைடாவின் மூக்கு அசைந்தது. வாய் திறந்தது, கூட்டுக்குள்ளிருக்கும் குஞ்சு திறப்பது போல.

அன்றிலிருந்து அதுதான் முறை. வில்லையை முதலில் கீழுதட்டில் தேய்ப்பார். வாய் திறக்கும். உருளைக்கிழங்கு மசியல் ஒரு கரண்டி. மறுபடி தேய்ப்பார், மறுபடி ஒரு கரண்டி. கடைசியில் கரைந்து மெலிந்த துண்டை நாக்கில் வைப்பார். தொண்டையில் மாட்டிக்கொள்ளுமோ என்று முதல் வாரம் பணிப்பெண் ரோண்டா பக்கத்திலேயே நின்றாள். அது மாவாகக் கரைவதைப் பார்த்தபின் விட்டுவிட்டாள். மதியத்துக்கு இரண்டு, மாலைக்கு இரண்டு. இழந்ததில் பாதி எடை திரும்பி வந்தது.

அவளுக்கு அது பிடித்துப் போய்விட்டதா, அல்லது அந்த வாசனையில் யாரையாவது அடையாளம் தெரிகிறதா? ஹார்லனுக்குத் தெரியாது. இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த நாற்காலியில் இருந்தாள்.

ஒரு பாக்கெட்டில் நாற்பது வில்லை. செவ்வாய்க்கிழமை பாக்கெட்டில் மிச்சம் முப்பத்திரண்டு.

"கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தேன், ஹார்லன்" என்றாள் ரோண்டா. "எங்கயும் கிடையாது. மூடுறாங்கன்னு செய்தி வந்ததும் ஜனங்க லாரி கணக்குல வாங்கிப் பதுக்கிட்டாங்க. வேற கம்பெனி பிங்க் இருக்கு. ஒண்ணு வரவழைச்சிருக்கேன்."

வந்தது. நிறம் அதேதான். ஹார்லனின் மூக்குக்கு வாசனையும் அதேதான். அலைடா உதட்டில் பட்டதை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊரில் இதே மிட்டாயைப் பற்றித்தான் பேச்சு. உள்ளூர் வாரப் பத்திரிகையில் வாசகர் கடிதம் ஒரு பக்கத்துக்குமேல் போனது. தானியக் கிடங்கின் காபி மேசையில் காலை ஏழு மணிக்கே சண்டை.

"போய்த் தொலையட்டும்யா" என்றார் ஆர்லோ. ஹார்லனோடு பள்ளியில் படித்தவர், இப்போதும் நூற்றைம்பது மாடு வைத்திருப்பவர். "அது மிட்டாயா? தைலத்தைச் சுண்ணாம்புல குழைச்சுக் காயவெச்சது."

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு இருக்காய்யா?" என்று மெர்லின் எகிறினார். மெர்லின் ஓய்வுபெற்ற தபால்காரர், பிங்க் கட்சி. "நாப்பது வருஷம் சாணியில நின்னவன், ருசியைப் பத்திப் பேச வந்துட்டான்."

"சாணியில நின்னேன், சரி. அதுக்காகச் சாணியை மிட்டாயாக்கிக் கொடுத்தா திம்பேனா?"

"எங்கப்பா செத்தப்போ கோட்டுப் பையில ரெண்டு பிங்க் இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கோட்டை நான் துவைக்கல, தெரியுமா?"

"அதான் உன் வீட்டுப் பக்கம் வந்தா அப்படி ஒரு நாத்தமா?"

மேசை முழுக்கச் சிரித்தது. மெர்லினும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆர்லோ திரும்பினார். "நீ என்னய்யா சொல்ற, ஹார்லன்? நீ பரம்பரை பிங்க் ஆளாச்சே."

கோட்டுப் பையில் இரண்டு. ஹார்லனின் மனம் அங்கேயே நின்றுவிட்டது. நாற்பது வருடத்துக்கு முந்தைய இரண்டு வில்லை. ஒரு வேளைச் சாப்பாடு.

"இருந்தா நல்லதுதான்" என்றார். 

வில்லைகளைப் பாதியாக உடைக்கத் தொடங்கினார். ரொட்டி அறுக்கும் கத்தியால், மேசைவிரிப்புக்கு மேல், தூள்கூடச் சிந்தாமல். பிறகு கால் பாகமாக. ஜூன் மாதம் பிறந்தபோது பாக்கெட்டில் முழு வில்லை ஒன்பது இருந்தன. அன்று பிற்பகல், சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு ட்ரூடி போஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

ட்ரூடி ஐம்பத்தைந்து வயதுக்காரி, உருளைக்கிழங்கு கேசரோல் பதார்த்தத்துக்கு ஊரில் முதல் பரிசு வாங்குபவள், அலைடாவின் பழைய மாணவி. அவரைக் கண்டதும் காபி போட்டாள். சாப்பாட்டு மேசை முழுவதும் சின்னச் சின்ன வலைப் பைகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிங்க் வில்லை, ரோஜா நிற ரிப்பன் முடிச்சு. நூற்றுக்கணக்கில். ஹார்லன் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம்மக கோர்ட்னியோட யோசனை" என்றாள் ட்ரூடி. "பழைய காலத்து மாதிரி பண்ணணுமாம். 'பிரசங்கத்துக்கு மூணு'ன்னு சீட்டு வேற அடிச்சிருக்கா. உண்மையைச் சொல்லட்டுமா, ஹார்லன்? மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பாதிப் பேர் இதை வாயில வெச்சதும் துப்பிடுவாங்க. எனக்கே பிடிக்காது. எங்க வீடு வெள்ளை."

"அலைடா வீடும் வெள்ளைதான்."

"டீச்சர் எப்படி இருக்காங்க? வந்து பார்க்கணும், பார்க்கணும்னு இருக்கேன். போன தடவை என்னை யாருன்னே தெரியலையா, மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"நல்லா இருக்கா" என்றார் ஹார்லன்.

பிறகு மழையைப் பற்றிப் பேசினார்கள். சோளம் முழங்கால் உயரம் வந்ததைப் பற்றி. சனிக்கிழமைக்கு எத்தனை நாற்காலி போட வேண்டும் என்பதைப் பற்றி. ட்ரூடி மீந்து கிடந்த ஒரு முழுப் பாக்கெட்டை அவர் பக்கம் தள்ளினாள். "இந்தாங்க, இது மிச்சம். எடுத்துட்டுப் போங்களேன்."

"வேண்டாம்மா, கல்யாண நேரத்துல உனக்குத் தேவைப்படும்."

"அட, இவ்வளவு கிடக்கு பாருங்க. எடுத்துக்கங்க, ஹார்லன்."

"இருக்கட்டும்மா, எதுக்கு..."

ட்ரூடி இந்த ஊர்க்காரி. மூன்றாவது தடவை கேட்பதற்காக வாயைத் திறந்தாள். தொலைபேசி அடித்தது. கேக் கடைக்காரன். எத்தனை அடுக்கு, எந்த நிறம், யார் கொண்டுவருவது, ஏன் திடீரென்று விலை ஏறியது. பேசிக்கொண்டே அந்தப் பாக்கெட்டைப் பிரித்து, கடைசிப் பைகளுக்குள் மூன்று மூன்றாகப் போட ஆரம்பித்தாள். ஹார்லன் பத்து நிமிடம் நின்றார். தொப்பியை எடுத்துக்கொண்டார். ட்ரூடி போனைக் காதில் வைத்தபடியே கையசைத்தாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு இல்லத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அலைடா மறுபடி மூன்று கிலோ குறைந்திருந்தாள். தலைமை நர்ஸ் பதமாகத்தான் பேசினார். மேசைமேல் ஒரு தாள் இருந்தது. குழாய் வைப்பதில்லை, வற்புறுத்துவதில்லை, அவளாகத் திறந்தால் ஊட்டுவது, இல்லையென்றால் உதட்டை நனைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்வது. அதற்குக் கணவரின் கையெழுத்து வேண்டும்.

"அவ திறப்பா" என்றார் ஹார்லன். "கொஞ்ச நாள் போகட்டும்."

வெளியே நடையில் ரோண்டா அவரை மடக்கினாள். "எத்தனை இருக்கு கையில?"

"கால் கால் துண்டா பதினொண்ணு."

"ட்ரூடிகிட்ட கேட்டீங்களா, இல்லையா?"

"போயிருந்தேன்."

"போனீங்க. சரி. கேட்டீங்களா?"

ஹார்லன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"கடவுளே! நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்" என்றாள் ரோண்டா. குரல் உயர்ந்துவிட்டது, அவளே தாழ்த்திக்கொண்டாள். "எங்கப்பா நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு வைக்கோல் கட்டு அத்தனையும் ஏத்தி முடிச்சிட்டுத்தான் செத்தாரு. வாயைத் திறந்து கேளுங்க, ஹார்லன். டீச்சருக்காகக் கேளுங்க."

கேட்கத் தேவையில்லை என்று ஹார்லனுக்கு அதற்குள் ஒரு யோசனை வந்திருந்தது. முந்நூறு விருந்தாளி. பாதிப் பேர் துப்புவார்கள் என்று ட்ரூடியே சொன்னாள். துப்புவதற்கு முன் பிரிக்க வேண்டும். பிரிக்காமலே மேசையில் விட்டுப் போகிறவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். நூறு பை, முந்நூறு வில்லை. விருந்து முடிந்து தேவாலயக் கூடத்தைச் சுத்தம் செய்வது யார்? அவர்தான். யாரும் வேண்டாம் என்று விட்டுப்போன பொருளை எடுப்பதற்கு யார் அனுமதி எதற்கு? மூன்று நாளும் தூக்கத்தில்கூட அந்த மேசைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை கல்யாணம் நன்றாக நடந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஹாம் வைத்த பன், உருளைக்கிழங்கு, கேக், காபி. ஹார்லன் சமையலறை வாசலில் நின்று மேசைகளை எண்ணினார். ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு வலைப் பை. ஒரு பெண் ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்ததையும், பக்கத்திலிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு தங்கள் பைகளைத் தள்ளி வைத்ததையும் கண்டு அவருக்கு உடம்பெல்லாம் ஆறுதல் பரவியது. பழைய ஆட்கள் சிலர் பையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார்கள். அவர்கள்மேல் வந்த கோபத்தை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

நாலரை மணிக்குப் போதகர் கூப்பிட்டார். மேலே ஒலிபெருக்கி அலறுகிறது, கொஞ்சம் பாருங்கள். கம்பியைச் சரிசெய்து கீழே வர இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

கூடம் காலியாக இருந்தது. மேசைகள் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தன.

இது ஹார்லனின் சொந்த ஏற்பாடு. பத்து வருடத்துக்கு முன், துணி விரிப்பு வேண்டாம், நீளமான வெள்ளைத் தாள் சுருளை விரியுங்கள் என்று பெண்கள் சங்கத்துக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். முடிந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தட்டு, மிச்சம் மீதி, காபி எல்லாவற்றோடும் அப்படியே பாய் சுருட்டுவது போலச் சுருட்டிக் குப்பைப் பையில் திணித்துவிடலாம். எட்டுப் பெண்கள் பத்து நிமிடத்தில் கூடத்தையே சுருட்டி முடிப்பார்கள். இன்றைக்கு மணப்பெண்ணின் சித்திகள் ஏழு நிமிடத்தில் முடித்திருந்தார்கள்.

"உங்க வேலையை நாங்களே முடிச்சிட்டோம், ஹார்லன்!" என்று ஒருத்தி பெருமையாகக் கூவினாள். "நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"ரொம்ப நன்றி" என்றார் ஹார்லன்.

கட்டடத்துக்குப் பின்னால் இரும்புக் குப்பைத் தொட்டி. பதினேழு கறுப்புப் பைகள். ஜூன் மாத வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. முதல் பையை இறக்கித் தரையில் கொட்டினார். தாள் சுருளைப் பிரித்தார். காபித் தூள், கேக் கிரீம், கடித்த பன். நடுவில் வலைப் பைகள், ஆனால் நனைந்து. பிங்க் வில்லை காபியில் பட்டால் நிமிஷத்தில் சேறாகிவிடும். முதல் பையில் தேறியது நான்கு. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு முழங்காலிட்டு உட்கார்ந்தார். விரல்கள் வேகமாகப் போயின. தேறியதைச் சட்டையில் துடைத்துத் தொப்பிக்குள் போட்டார். ஐந்தாவது பையின்போது வாய்விட்டு ஏதோ முனகிக்கொண்டிருந்தார். செபமா வசவா என்று அவருக்கே தெரியாது.

"ஹார்லன்?"

ட்ரூடி. கையில் மீந்த கேக் பெட்டி, உடம்பில் இளநீலப் பட்டு. "என்ன ஆச்சு? மோதிரம் ஏதும் தொலைஞ்சுதா?"

ஹார்லன் தொப்பியை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். கிரீம் ஒட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்லம்மா. நீ போ, காத்திருப்பாங்க" என்று சொல்ல வாய் எடுத்தார். அந்த வாக்கியம் அங்கேயேதான் இருந்தது, ஆயுசு முழுக்கப் பழகிய வாக்கியம். அதற்கு வழி விடாமல் வேறொன்று முட்டிக்கொண்டு வந்தது.

"எனக்கு இந்த மிட்டாய் வேணும், ட்ரூடி." கத்திவிட்டார். "இது இல்லைன்னா அவ வாயைத் திறக்க மாட்டேங்கறா. சாப்பிட மாட்டேங்கறா. அவ சாகப் போறா. எனக்கு வேணும். இருக்கறது எல்லாமே வேணும்."

ட்ரூடி கேக்கைத் தரையில் வைத்தாள். பெரிய பெண்மணி அவள். பட்டு உடையோடு அவர் எதிரில் மண்டியிட்டு அடுத்த பையைக் கிழித்தாள். "அன்னிக்கு என் வீட்டு மேசையில அத்தனை கிடந்துச்சே" என்றாள். "என் கையால பிரிச்சுப் போட்டேனே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, மனுஷா?" அழுதுகொண்டே திட்டினாள். திட்டிக்கொண்டே காபித் தூளைத் துழாவினாள். இருவருமாக ஐம்பத்தெட்டு வில்லைகளை மீட்டார்கள்.

அன்று மாலை அலைடா வாயைத் திறந்தாள். மூன்று கரண்டி மசியல், ஒரு கரண்டி ஆப்பிள் கூழ். கறை படிந்த பட்டுடையோடு ட்ரூடி சுவரோரம் நின்று கரண்டிகளை எண்ணினாள். அன்றிரவே ஊரில் பாதிப் பேருக்கு அவள் போன் செய்துவிட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஹார்லனின் வண்டியில் காகிதப் பைகள், உள்ளே பிங்க் வில்லைகள். கைப்பை அடியிலிருந்து, தையல் பெட்டியிலிருந்து, கார் டிராயரிலிருந்து. ஆர்லோ ஒரு பாக்கெட்டை நீட்டினார்.

"என்னுதில்லய்யா. என் பொண்டாட்டி எப்பவோ வாங்கி ஒளிச்சு வெச்சிருந்தா."

"உன் சட்டைப்பையிலேர்ந்துதானே எடுக்கற?" என்றார் மெர்லின். அவர் தம் அப்பாவின் கோட்டையே கொண்டுவந்திருந்தார். பைக்குள் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. ஹார்லனை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாவற்றையும் போட்டு வைத்த பிஸ்கட் டப்பா கழுத்துவரை நிரம்பியது. ஞாயிறும் திங்களும் அலைடா சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஹார்லன் ஒரு முழு வில்லையை, உடையாததை, அவள் கீழுதட்டில் தேய்த்தார். உதடு ஈரமாகிப் பிங்க் நிறமானது. திறக்கவில்லை. மறுபடி தேய்த்தார். வேறொன்றை எடுத்து, புதிதாக உடைத்து, மூக்கருகே பிடித்தார்.

"அலைடா. இங்க பாரு. களிம்பு வந்திருக்கு. மாட்டு மடிக் களிம்பு."

மசியல் ஆறித் தோல் கட்டியது. மாலையிலும் திறக்கவில்லை. புதன்கிழமையும் இல்லை. ரோண்டா தட்டை எடுக்க வந்து, எடுக்காமல் நின்றாள். வியாழக்கிழமை காலை தலைமை நர்ஸ் அந்தத் தாளை மறுபடி கொண்டுவந்தார். இந்தத் தடவை ஹார்லன் பேனாவை வாங்கிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்ட பிறகு நாற்காலியை அவளோடு ஒட்டி இழுத்துப் போட்டார். டப்பாவைத் திறந்து ஒரு வில்லையைத் தன் வாயில் போட்டு, அவள் முகத்துக்கு நாலு விரல் தூரத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக மூச்சு விட்டார். அலைடா கண் திறக்கவில்லை. அவள் மூக்கு மட்டும் லேசாக விரிந்தது, சுருங்கியது. அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. வாயிலிருந்தது கரைந்ததும் இன்னொன்றைப் போட்டுக்கொண்டார். டப்பாவில் இன்னும் நூற்று முப்பதுக்குமேல் இருந்தன.